சாகப் போகிறவள் சுரைக்குடுக்கை கட்டமாட்டாள்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றுக்குள் இறங்கினால், சாகத்தான் இறங்குகிறாள் என்று அர்த்தம். ஆண்கள் குதித்தால் நீச்சல், நாங்கள் குதித்தால் போலீஸ் கேஸ். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ராயக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு வந்த நான், வந்த வருஷமே நீச்சல் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். காரணம் என் அக்கா.

அக்காவை ஜவளகிரிப் பக்கம் கொடுத்திருந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் அங்கே கிணற்றில் செத்து மிதந்தாள். தண்ணீருக்குப் போனவள் தவறி விழுந்தாள் என்றோம் நாங்கள். குடமே எடுத்துக்கொண்டு போகவில்லை, வேண்டுமென்றே குதித்தாள் என்றாள் அவள் மாமியார். கரையிலும் குடம் கிடைக்கவில்லை. அதோடு அந்த ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: குதித்தவள். சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷா வருஷம் ஆடியில் புடவை வைத்துப் படைப்பது வழக்கம். குதித்தவளுக்கு என்ன படையல் என்று அதையும் மறுத்துவிட்டார்கள். குடம் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கும் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். இறங்கிப் பார்க்க ஒருத்தனும் வரவில்லை. பேய் பிடித்துக்கொள்ளுமாம். மீசை வைத்தவர்களுக்குத்தான் பேய்ப் பயம் அதிகம்.

சரி, நானே இறங்குகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் போய் இரண்டு சுரைக்குடுக்கைகளோடு வந்தார். நன்றாக முற்றிக் காய்ந்த சுரைக்காய், உள்ளே வெறும் காற்று, காம்புத் துளையை மெழுகு வைத்து அடைத்திருக்கும். நீச்சல் பழகுகிற ஆண்களுக்கு அதை முதுகில் வைத்து மார்போடு கட்டுவார்கள். எனக்கு மார்பில் கயிறு சுற்றினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று அவர் இடுப்பில் கட்டிவிட்டார். மானம் தப்பித்தது. தண்ணீரில் இறங்கியதும் இடுப்பு மேலே வந்தது, தலை கீழே போனது. காற்று புகுந்த புடவை பந்தல் மாதிரி விரிந்தது. அவர் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் ஊர் சொன்னது உண்மையாகியிருக்கும்.

அதற்குள் ராகிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், "அய்யோ, குதிச்சிட்டா!" என்று ஓடிவந்தார்கள். என் மாமியார் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வந்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. "சாகப் போறவ சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டா வருவா?" என்று கத்தினேன். நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "ஏண்டி, நாளைக்கி ஒரு சண்டைன்னு வந்தா, கெணத்துல விழுந்துடுவேன்னு சொல்றது ஒண்ணுதான் பொம்பளைக்கு இருக்குது. நீச்சல் கத்துக்கிட்டா எவன்டி உன்னைக் கண்டு பயப்படுவான்?"

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "சண்டைன்னா சண்டை போட்டுக்கறேன் அத்தை. சாவேன்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

மறுநாள் புடவையைக் கச்சமாக இழுத்துக் கட்டினேன். குடுக்கைகளை என் கையாலேயே முதுகில் வைத்து, அக்குளுக்குக் கீழே கயிறு சுற்றி முடிச்சுப் போட்டேன். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும். அது தை மாசம். மேலே பனியில் பல் கிட்டியது, கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. கை காலை உதறுகிறவள்தான் முழுகுகிறாள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டு சும்மா கிடந்தால் தண்ணீரே தூக்கிப் பிடிக்கும். இது புரிந்த பிறகு ஒரு குடுக்கையை அவிழ்த்தேன், அப்புறம் இன்னொன்றையும்.

மிதக்கப் பழகியவளுக்கு மூழ்குவது பெரும்பாடு. உடம்பு பந்து மாதிரி மேலே மேலே வரும். அதற்குக் கல் வேண்டும். கல்லை உடம்பில் கட்டவே கூடாது, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இறங்க வேண்டும். காது குத்தினால் எச்சிலை விழுங்க வேண்டும். போதும் என்று தோன்றினால் கல்லை விட்டுவிட வேண்டும். கல்லை விட மனசு வராதவர்கள் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்.

பங்குனியில் தண்ணீர் குறைந்ததும் நானும் வீட்டுக்காரரும் ஜவளகிரிப் பக்கம் போனோம். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. அக்காவின் மாமியாரும் வந்தாள். சுவரில் பதித்த கல் படிகளில் இறங்கினேன். நடுவில் ஒரு படி என் காலடியில் ஆடியது. "இந்தப் படி ஆடுது, எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று கீழேயிருந்து சத்தம் போட்டேன். பிறகு கல்லை அணைத்துக்கொண்டு மூழ்கினேன்.

முதல் தடவை சேறுதான் கிடைத்தது. இரண்டாவது தடவையும் சேறுதான். பயமாக இருந்தது, பேய்க்கு அல்ல, வெறுங்கையோடு ஏறுவதற்கு. மூன்றாவது தடவை விரலில் ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. கல்லை விட்டுவிட்டு அதைப் பற்றிக்கொண்டு மேலே வந்தேன்.

பித்தளைக் குடம். அக்காவின் மாமியார் எட்டிப் பார்த்து, "எவ கொடமோ" என்றாள். முந்தானையால் சேற்றைத் துடைத்தேன். சீர் கொடுத்தபோது அப்பா வெட்டிக் கொடுத்த அக்காவின் பெயர் கழுத்தோரம் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தார். அந்த ஊரில் அவளை அவள் பெயரால் யாரோ கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் மாமியார் கையை நீட்டினாள். "குடு. எங்க வீட்டுக் கொடம்."

"பொடவை வெச்சிப் படைங்க. அப்புறம் பாக்கலாம்."

அந்த ஆடியிலேயே படைத்தார்கள். குடத்தை நான் கொடுக்கவில்லை.