எம்.பி.3 ஆகாத மாமன் பாட்டு

போனைக் கையில் வாங்கியதுமே ஏலக்காய் வாசம் குப்பென்று அடித்தது...

முருகேசண்ணன் போன் அது. மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில்தான் அவருக்கு வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாம். அவரிடமிருந்து எதை வாங்கினாலும் எனக்குப் பாயசம் நினைப்பு வந்துவிடும்.

நான் அப்போது போடியில் புது டிஜே. செகண்ட் ஹேண்ட் லேப்டாப், யாரோ காப்பி பண்ணிக் கொடுத்த பழைய சாஃப்ட்வேர், வாடகைக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. வாயில் மட்டும் பெரிய டிஜே.

முருகேசண்ணனுடைய அக்கா பஞ்சவர்ணத்தின் மகளுக்குச் சிலமலையில் வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் சீர் இவர்தான் கொண்டுவர வேண்டும். ஆனால் அக்காவும் தம்பியும் பேசி மூன்று வருஷம். ஊர்த் திருவிழாவில் நாலு பேர் முன்னால் இவர் அக்காவை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். என்ன வார்த்தை என்று இரண்டு பேருமே யாரிடமும் சொன்னதில்லை.

சமாதானத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி பாட்டு. மருமகளுக்காகச் சொந்தமாகக் கட்டி, ஸ்டோர் ஆட்கள் தகரத்தில் தாளம் போட, போனிலேயே பதிந்து கொண்டுவந்திருந்தார்.

"நான் மண்டபத்துல கால் வைக்கிறப்ப இதத்தான் போடணும் தம்பி. கடைசி வரைக்கும் ஓடவிடு. நடுவுல கட் பண்ணிறாத."

கடைசி வரைக்கும் என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னார். பாட்டுக் கட்டியவருக்கு அந்த ஆசை இருக்காதா என்று நானும் தலையாட்டினேன்.

ஃபைலை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தால் பெயருக்குப் பின்னால் ஓபஸ் என்று ஒரு வால். என் சாஃப்ட்வேருக்குத் தெரிந்ததெல்லாம் எம்.பி.3 மட்டும்தான். அன்றைக்கு என் மூளை வேலை செய்த வேகத்தை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஓபஸை அழித்துவிட்டு எம்.பி.3 என்று டைப் அடித்தேன். ஐகான் மாறியது! போட்டுக்கூடப் பார்க்காமல் பரோட்டா சாப்பிடப் போய்விட்டேன்.

சடங்கன்று காலை பத்து மணி. மண்டப வாசலில் ஜீப்பு வந்து நின்றது. பழத்தட்டு, பட்டு, வளையல், ஒரு கிடாய். முருகேசண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நான் ப்ளே அழுத்தினேன். இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை என்றது லேப்டாப்.

மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பதில். ஆன்லைனில் மாற்றலாம் என்றால் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெயிலில் மாமன் நிற்கிறார், தட்டுத் தூக்கியவர்கள் நிற்கிறார்கள், கிடாய் மட்டும் சீர்த் தட்டு வாழைப்பழத்தைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பாட்டு இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்று அவர் ஒரே பிடி.

பஞ்சவர்ணம் அக்கா என்னிடம் வந்து என்ன கோளாறு என்று கேட்டது. போடியில் ஏலக்காயைப் பருமன் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை அதற்கு. நான் பெயரை மாற்றிய கதையை ஒப்பித்தேன்.

"சாக்குல எட்டு எம்.எம்.னு எழுதிட்டா பொடிக்காயெல்லாம் எட்டு எம்.எம். ஆயிருமா தம்பி?"

அத்தனை பெரிய கம்ப்யூட்டர் பாடத்தை அதற்குமுன் யாரும் எனக்கு நடத்தியதில்லை.

கடைசி வழி, அண்ணன் போனிலேயே பாட்டை ஓடவிட்டு அதன் வாயில் மைக்கைப் பிடித்தேன். பெட்டி அதிர்ந்தது. மாமன் கம்பீரமாக ஓர் அடி வைத்தார். இரண்டாவது சரணம் வரும்போது போனுக்குக் கால் வந்தது. கட் பண்ணுகிறேன் என்று பதற்றத்தில் அட்டெண்ட் பண்ணிவிட்டேன்.

"எந்தா முருகேசா, காய்ச்சல் குறஞ்ஞோ?" எஸ்டேட்டின் மலையாளி சூப்பர்வைசர் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது.

காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொல்லி லீவு வாங்கியிருக்கிறார் மனுஷன். பட்டு வேட்டியில் நின்றபடி மைக்கிலேயே இருமிக் காட்டி, "கொஞ்சம் தேவலை சார்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அதற்குப்பின் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். மைக்கை என்னிடமிருந்து வாங்கித் தானே பாட ஆரம்பித்தார். மேட்டில் லோடு ஜீப்பு திணறுகிற மாதிரி குரல். ஆனாலும் ஒரு வரி விடாமல் பாடினார். முடிந்தபின் மைக்கோடு அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுச் சீர்த் தட்டுப் பக்கம் போய்விட்டார்.

அக்கா சீரை வாங்கிக்கொண்டது. வா என்று தலையை ஆட்டியது. அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்கு இருவரும் வந்து போகிறார்கள், அளந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது நான் டிஜே இல்லை, போடியில் மொபைல் கடை. போன வாரம் பழைய ஹார்டு டிஸ்க்கைத் துழாவியபோது அந்த ஃபைல் கிடைத்தது. அதே பொய்ப் பெயரோடு. இன்றைய சாஃப்ட்வேர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவதில்லை, உள்ளே இருப்பதைப் பார்க்கின்றன. உடனே பாடியது.

முதல்முறையாகக் கடைசி வரைக்கும் கேட்டேன். பாட்டு முடிந்து, தகரச் சத்தம் நின்று, கொஞ்சம் காற்று... பிறகு அவர் குரல்.

"அக்கா, அன்னிக்கு நாலு பேர் முன்னாடி பேசுனது தப்புத்தான். நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. அதான் நாலு பேர் முன்னாடியே இதுல சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு பரோட்டாவுக்கு அவசரப்பட்டு இத்தனை வருஷம் ஒரு மன்னிப்பை அடைத்து வைத்திருக்கிறேன்.

முருகேசண்ணனுக்குப் போன் போட்டு, அக்காவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அனுப்பிரு என்றார். உடனே, பெயரைக்கூட மாற்றாமல், அக்காவின் பழைய போனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் அக்காவிடமிருந்து போன்.

"என்னமோ அனுப்பியிருக்கியே தம்பி, தொறக்கவே மாட்டேங்குது."

"நீ ஒண்ணும் அமுக்காதக்கா. நாலு பேரக் கூப்பிட்டு வையி. நான் ஸ்பீக்கர் பெட்டியோட வர்றேன்."