ஆளுக்கு ஒரு எருது

பொங்கியண்ணனுக்கு இங்கிலீஷ் அகராதி என்றால் உயிர். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டு ஏர் பிடிக்க வந்து பதினெட்டு வருடமாகியும் அந்தக் கிறுக்கு விடவில்லை. டீக்கடையில் எவனாவது 'ஜாயின்' என்று சொல்லிவிட்டால் தொலைந்தான். சேர்வது, இணைவது, வேலையில் அமர்வது என்று அர்த்தங்களை அடுக்கிவிட்டு, "அதுக்கு மூலம் லத்தீனுங்க. ஏர்ல பூட்டறதுன்னு அர்த்தம். நம்ம நுகத்தடிய இங்கிலீஷ்காரன் யோக்குங்கறானே, அதுக்கும் அதே வேருதான்!" என்பார். கேட்டவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்புவான்.

இவ்வளவும் தெரிந்த மனுஷர் செய்த வேலையைப் பாருங்கள். எழுபத்து நான்கில் தம்பி ரத்தினசாமியோடு பாகம் பிரித்தபோது, "எருதுச் சோடிய ஒருத்தர் வெச்சுக்கங்க, இன்னொருத்தர் பசுவும் கன்னும் எடுத்துக்கங்க" என்று பங்காளிகள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். "புஸ்தகம் படிக்கறவருக்கு எருது எதுக்குங்க?" என்று தம்பி வாயை விட்டான். வந்ததே கோபம் இவருக்கு! எருதும் ஆளுக்கு ஒன்று என்று ஒற்றைக்காலில் நின்றார். நுகத்தின் இடப்பக்கம் பழகியது இவருக்கு, வலப்பக்கம் பழகியது தம்பிக்கு.

ஆடியில் மழை பெய்தது. பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாளிடம் ஓர் எருது இரவல் வாங்கிவந்து பூட்டினார். அதுவும் இடப்பக்கம் பழகியதாம்! இரண்டும் ஒரே பக்கத்துக்கு முட்டிக்கொண்டு நின்றன. ஒரு சால்கூட நேராக ஓடவில்லை. பொங்கியண்ணன் மேழியை உதைத்துக் கால்விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"ஏனுங்க, தம்பியூட்டுல போயி ஒரு வார்த்தை கேட்டா என்னங்க? ஈரம் காயுது. கடலைக்காய் விதை அப்படியே கெடக்குது" என்றாள் மனைவி மருதாத்தாள்.

"அவனுக்குந்தான் ஒத்தை எருது. வேணும்னா அவன் வரட்டும்" என்று எரிந்து விழுந்தார். இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. எட்டாம் நாள் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பொடியாக உதிர்ந்தது. கீழே ஒரு விரற்கடை ஆழத்தில்தான் கொஞ்சம் ஈரம். வீம்பை விழுங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தார்.

கட்டுத்தறி காலியாகக் கிடந்தது.

"எருது எங்கடா?"

ரத்தினசாமி தலையைக் குனிந்துகொண்டான். "மழை பேஞ்ச அன்னைக்கே வருவீங்கன்னு பார்த்தனுங்ணா. ரெண்டு தடவை உங்கூட்டு வாசல் வரைக்கும் வந்தேன், கூப்புட வாய் வரலீங்க. ஒத்தை எருத வெச்சுட்டு என்ன பண்றதுங்க? நேத்துப் பொள்ளாச்சிச் சந்தையில குடுத்துட்டேன்."

பாழாய்ப்போன ஒரே ஒரு நாள்! பொங்கியண்ணனுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. தம்பியைத் திட்டவும் முடியவில்லை. திண்டாடி நின்றவர், "சாப்டியாடா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆடியில் அண்ணன் காடும் தம்பி காடும் விதைக்காமலே கிடந்தன.