கண்ணீரக்காவின் அழுகை

கண்ணீரக்கா கிளிசரினைத் தொடமாட்டாள். அவள் நடித்த சீரியலில் மேக்கப் போட்டவன் நான், எனக்குத் தெரியும். மற்ற நடிகைகள் மருந்தைக் கண்ணில் விட்டு மூக்கை உறிஞ்சும்போது, இவள் அம்மாவோடு போனில் கதையடித்துக்கொண்டிருப்பாள். கேமரா ஓடியதும் கீழுதடு துடிக்கும், வலது கை மெல்ல நெற்றிக்கு ஏறும், தலை சாயும், கண்ணீர் கொட்டும். நடிப்பு என்றுதான் நினைத்தோம். சின்ன வயதிலிருந்தே அவள் அழுவது அப்படித்தானாம்.

தங்கை வாயாடி. அக்காவைப் போலவே அழுதுகாட்டி, அழுகிற அக்காவைச் சிரிக்கவைப்பாளாம். சீரியல்களைக் கிண்டலடிக்கும் காமெடி நிகழ்ச்சி ஒன்றில் அந்த வித்தைக்காகவே அவளுக்கு வேலை கிடைத்தது. "காபியில சர்க்கரை இல்லையா?" என்பாள். உதடு துடிக்கும், கை ஏறும், இடி இடிக்கும், கேமரா மூன்று தடவை முகத்தில் பாயும். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "என்னைவிட நல்லா அழுறாடா," என்றாள் கண்ணீரக்கா பெருமையாக.

வினை அப்புறம்தான் வந்தது. சீரியலில் மகன் செத்த காட்சி. இவள் கை நெற்றிக்கு ஏறியதும் லைட்மேன் களுக்கென்று சிரித்துவிட்டான். பார்க்கிற வீடுகளிலும் அதே கதை.

"வேற மாதிரி அழுங்கக்கா," என்றார் டைரக்டர்.

முயன்று பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. அவளைக் கோமாவில் படுக்கவைத்தார்கள், கொஞ்ச நாளில் சுவரில் படமாக மாட்டிவிட்டார்கள். வேலை போயிற்று. "அவளும் பிழைக்கணும்ல," என்றதோடு சரி, தங்கையை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன மாதம் அவர்கள் அம்மா இறந்துபோனாள். நானும் போயிருந்தேன். கண்ணீரக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்தாள். கீழுதடு துடித்தது. கை ஏறியது. வாசலில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்தவன் இருமுவதுபோல் பாவனை செய்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணீரக்காவுக்கும் காது கேட்கத்தானே செய்யும். ஏறிய கை பாதியில் இறங்கிவிட்டது.

தங்கை ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "அழு அக்கா. எவ என்ன நெனச்சா என்ன, நீ அழு."

"எனக்கு வேற மாதிரி அழத் தெரியாதுடி," என்றாள் கண்ணீரக்கா. "எனக்கும் சேத்து நீ அழுதுடு."

தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா எழுந்துபோய் வந்தவர்களுக்கு டீ போட்டாள். வாயைப் பொத்தியவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.