இருபத்தேழாம் நாள் வெள்ளோட்டம்

எண்பத்தேழாம் ஆண்டு, குளிர் தொடங்குகிற நேரம். சுவிஸில் பாடன் நகரத்துக்கு வெளியே, மேட்டில் இருக்கிற ஒரு பால்மாட்டுக்காரரின் பழைய கொட்டகையில் இது நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வடிவாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. ஒரு தொழிற்சாலை கன்ரீனில் கோப்பை கழுவினேன். கழுவுகிற மெஷின் அடிக்கடி நின்றுவிடும். திருத்த வருகிறவர் ஓர் இத்தாலிக்காரர். ஒரு நாள் மெஷினுக்குக் கீழே படுத்தபடி கையை மட்டும் வெளியே நீட்டினார். அவர் கேட்காமலே நட்டுக் கழற்றுகிற பதின்மூன்றாம் நம்பர் சாவியை அந்தக் கையில் வைத்தேன். ஊரில் நாலு வருடம் மோட்டார்சைக்கிள் கராஜில் நின்றவன் நான். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமையே என்னைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே அவர் ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் மட்டும் இருக்கிற, கூரை இல்லாத பழைய காலத்து இங்கிலீஷ் கார் மாதிரி ஒன்று. உண்மையான பழைய கார் இல்லை. உடம்பு முழுக்க ஃபைபர், பெட்டி பெட்டியாக வந்தது. அடியில் இருப்பது வண்டு மாதிரி இருக்கிற ஒரு பழைய ஜெர்மன் காரின் சட்டம். எஞ்சின் பின்னுக்கு. முன்னுக்கு நீளமான பொனட், ஆனால் திறந்து பார்த்தால் பெற்றோல் தாங்கியைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று வருடமாகச் சனி ஞாயிறில் மட்டும் வேலை செய்து அந்த அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். "மூஞ்சி இங்கிலீசு, முதுகு ஜெர்மன், கை தமிழ், வாய் மட்டும்தான் இத்தாலி" என்று பகிடி விடுவார். நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது உடைந்த ஜெர்மன். இங்கே தமிழில் எழுதும்போது ஒழுங்கான கதை மாதிரித் தெரியும். அப்படி இல்லை. பாதி கையால்தான் கதைப்போம்.

ஆறு மாதம் ஒரு சனிக்கிழமையும் விடாமல் போனேன். சனியில் தட்டுகிற, அரத்தால் ராவுகிற வேலை. ஞாயிறில் சத்தம் போடக்கூடாது என்பதால் பெயின்ட் அடிப்பது, சீட் தைப்பது. அவருடைய மனைவி மத்தியானம் சாப்பாடு கொண்டு வருவா. அப்போது அவவுக்கு வயிற்றில் பிள்ளை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் கடிதம் வந்தது. அப்பா செத்துப் போனார். நெஞ்சு நோகிறது என்றாராம். ஊரில் சண்டை, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை அன்றைக்குப் பூட்டு. நான் ஒரே மகன். என்னுடைய அகதிக் கேஸ் முடியவில்லை, வெளியே போனால் திரும்பி வர முடியாது. போயிருந்தாலும் பிரயோசனம் இல்லை. கடிதம் என் கைக்கு வந்தபோது அப்பாவை எரித்துப் பன்னிரண்டு நாள். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தாராம்.

அறையில் நாங்கள் நாலு பேர். அதில் மூத்தவரை நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். அவர்தான் கலண்டரில் எண்ணிப் பார்த்தார். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு இன்னும் பத்தொன்பது நாள், அதுவரைக்கும் துடக்கு, சாவுத் தீட்டு, மச்சம் மாமிசம் இல்லை, முகம் வழிக்கக் கூடாது என்றார். ஐயர் இல்லை, கடல் இல்லை, காகத்துக்குச் சோறு வைக்க முற்றமும் இல்லை. இது மட்டுந்தான் என்னால் செய்யக்கூடியதாக இருந்தது. அதனால் பிடிவாதமாகச் செய்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கொட்டகைக்குப் போனேன். இத்தாலிக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், சொன்னால் அவர் என்னை வீட்டில் இருந்து ஆறச் சொல்லுவார் என்ற பயம். அந்த அறையில் சனி ஞாயிறு முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். அவர் என்னிடம் அன்றைக்கு ஸ்டியரிங் வேலையைத் தந்தார். பூட்டி முடித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவருடைய மனைவி இறைச்சி போட்ட பாஸ்தா கொண்டு வந்தால் வேண்டாம் என்றேன். இரண்டு கிழமை வேண்டாம் என்றேன். அவவின் முகம் வாடியது. என் தாடியைப் பார்த்து அவர், "என்ன, சுவாமியாராப் போறியோ?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். சிரிக்கிறதே பெரிய வேலையாக இருந்தது.

இரண்டு கிழமையால் கார் ஓடத் தயாராகிவிட்டது. அரசாங்கப் பரிசோதனைக்குக் கொண்டுபோக முதல், தோட்டத்து ஒழுங்கைப் பாதையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கொட்டகையிலிருந்து கீழே ஒரு இறக்கம், இறக்கத்தின் முடிவில் ஒரு வளைவு, வளைவில் மாடு தண்ணீர் குடிக்கிற கல்லுத்தொட்டி. மாட்டுக்காரருக்கு மாத முடிவில் கொட்டகை தேவைப்பட்டது. அதனால் அந்தச் சனிக்கிழமையே ஓடுவது என்று இத்தாலிக்காரர் முடிவு செய்தார். பக்கத்துச் சீட்டு உனக்குத்தான் என்றார். அடுத்த கிழமை ஓடுவோமே என்று கேட்டுப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

அது இருபத்தேழாம் நாள். இன்னும் நாலே நாலு நாள்.

அண்ணையிடம் கேட்டேன். அவர் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "வேலைக்குப் போறது வேறை தம்பி. ஆனா வெள்ளோட்டம் நல்ல காரியம். மூண்டு வருசமா அந்த மனுசன் கட்டினது. துடக்கோடை ஏறி உக்காந்து, நாளைக்கு அந்தாளுக்கு ஒண்டு நடந்தால் உன்ர மனம்தான் கிடந்து அடிக்கும்."

சனிக்கிழமை காலை காரை வெளியே தள்ளினோம். எஞ்சின் இரண்டாம் தடவையே பிடித்தது. இத்தாலிக்காரர் கண்ணாடி போட்டு, தொப்பி போட்டு, மாப்பிள்ளை மாதிரி ஏறி இருந்தார். பக்கத்துச் சீட்டைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். பகிடி என்று நினைத்து மறுபடி தட்டினார். நான் ஓர் எட்டுப் பின்னால் போனேன். துடக்கு என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை.

அவருடைய முகம் சிவந்துபோனது. எவ்வளவு மனம் நொந்திருப்பார் என்று இப்போது விளங்குகிறது. பிறகு மனைவியைப் பார்த்து, "சரி, நீ வா" என்றார். அவவுக்கு ஏழாம் மாதம். தலையில் சால்வையைக் கட்டிக்கொண்டு வந்தவ, கதவில் கை வைத்தபடி என்னைப் பார்த்தா. நான் காரைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவ கையை எடுத்துவிட்டா.

"பூட்டின கையே ஏற மாட்டன் எண்டுது. நானும் ஏற மாட்டன்" என்றா.

இத்தாலிக்காரர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினார். ஜாக்கைக் கொண்டுவந்து முன்பக்கத்தைத் தூக்கினார். நீ பூட்டினதை எல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டு என்றார். பிரேக்கைக் காட்டினேன். சரி. இடது சில்லைக் காட்டினேன். சரி. வலது பக்கத்துக்கு அடியில் போனார். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சில்லைத் திருப்புகிற தடி ஒன்று இரண்டு பக்கமும் இருக்கும். அதன் நுனியில் நட்டை இறுக்கி, நட்டுக் கழலாமல் ஒரு சின்னப் பின்னைக் குத்தி, அதன் இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். ஊரில் கொட்டர் பின் என்போம். வலது பக்கத்தில் பின் இல்லை. அவர் நட்டில் இரண்டு விரலை வைத்துத் திருப்பினார். சாவி தேவைப்படவில்லை. விரலோடேயே கழன்று அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கடிதம் வந்த மறுநாள் அது. இடது பக்கத்தை முடித்துவிட்டு வலது பக்கத்தில் நட்டைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசி நாளில் அப்பா நான் விட்டுவந்த பழைய சேர்ட்டைத்தான் போட்டிருந்தார் என்று அக்கா எழுதியிருந்தா. அந்த வரி வந்து நெஞ்சில் குத்தியது. வெளியே போய் மாடுகளுக்குப் பக்கத்தில் கனநேரம் நின்றேன். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் முடித்துவிட்டதாகவே நினைத்தேன். கொட்டர் பின், சின்னச் சாமான்கள் போட்டு வைக்கிற பிஸ்கட் தகர மூடிக்குள்ளேயே கிடந்தது. இரண்டு கிழமையும் அங்கேயே கிடந்திருக்கிறது.

இத்தாலிக்காரர் நிலத்தில் இருந்தபடி கீழே அந்தக் கல்லுத்தொட்டியைப் பார்த்தார். மனைவியின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"உனக்கு இது தெரியுமோ?"

இதை மறைக்காமல் எழுத வேண்டும். ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஏதோ பிழை என்று சந்தேகம், அதனால்தான் ஏறவில்லை என்றால் முடிந்தது. அவர் என்னைக் கட்டிப் பிடித்திருப்பார். பிள்ளையையும் தாயையும் காப்பாற்றியவன் ஆகியிருப்பேன். ஆனால் அவ்வளவு பொய்யைத் தூக்கிச் சுமக்க எனக்கு உடம்பில் பலம் இருக்கவில்லை. உண்மையாகவே களைத்துப் போயிருந்தேன்.

தெரியாது என்றேன். பிழை என்னுடையது என்றேன். பிறகு, "ஃபாட்டர் டோட்" என்றேன். அப்பா செத்துப் போனார். கடிதம் வந்து இரண்டு கிழமையில் அந்த இரண்டு சொல்லையும் நான் ஒரு பாஷையிலும் வாயால் சொல்லியிருக்கவில்லை. அண்ணையிடம்கூடக் கடிதத்தைத்தான் நீட்டினேன். ஜெர்மனில்தான் முதல் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. தாடியைக் காட்டினேன், விரலில் முப்பத்தொன்றை எண்ணிக் காட்டினேன், காரைக் காட்டிக் கையை விரித்தேன். அவருடைய மனைவி சிலுவை போட்டுக்கொண்டா. பாஸ்தா எனக்குப் பிடிக்கவில்லை என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்தேன் என்று சொல்லி அவவும் அழுதா.

இத்தாலிக்காரருக்கு நான் நினைத்ததைவிடக் கெதியாக விளங்கியது. அவருடைய தாய் செத்தபோது ஊர் வீட்டில் ஒரு வருடம் ரேடியோவைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்களாம். அக்காமார் கறுப்பு உடுப்பைத் தவிர வேறு உடுக்கவில்லையாம். நான் எங்களுடைய பழக்கம் இவர்களுக்குப் புரியாது, சிரிப்பார்கள் என்று ஒளித்திருக்கிறேன். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"வர வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டே ஒளிச்சனி? வா எண்டுதான் சொல்லியிருப்பன். ஸ்டியரிங்கைத் தராமல் சீட்டைத் தைக்கத் தந்திருப்பன். அவ்வளவுதான்."

நட்டை என் கையில் தந்தார். அவர் பூட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தார். நான் இறுக்கினேன், பின்னைக் குத்தினேன், காலை விரித்து மடக்கினேன். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தபடியால் கனநேரம் எடுத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. காரைத் திரும்ப உள்ளே தள்ளி, ஒரு படங்கைப் போட்டு மூடினோம். மூன்று வருடம் பொறுத்த கார், இன்னும் ஒரு கிழமை பொறுக்கும் என்றார். மாட்டுக்காரரிடம் கொட்டகைக்குத் தவணை கேட்கப் போனது அவருடைய மனைவி. அந்த வயிற்றைப் பார்த்து அவர் மறுக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அண்ணை எனக்கு முகம் வழித்துவிட்டார். அறையில் நாலு கறி வைத்து, அப்பாவின் படம் இல்லாததால் கடிதத்துக்கு முன்னால் படைத்தோம். நடந்ததைச் சொன்னேன். "பாத்தியோ, கொப்பர் நிண்டு காப்பாத்திப் போட்டார்" என்றார் அண்ணை. ஓம் என்றேன். ஆனால் அது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பின்னை மறக்கப் பண்ணியதும் அப்பாவின் சாவுதான், என்னை ஏற விடாமல் வைத்ததும் அதுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பக்கத்துச் சீட்டில் ஏறினேன். நடக்கிற வேகத்தில்தான் போனோம். கல்லுத்தொட்டி வந்தது, ஸ்டியரிங் திரும்பியது, தொட்டி பின்னால் போனது. பரிசோதனையில் அந்தக் காரை இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். லைட் உயரம் பிழையாம், சத்தம் கூடவாம். ஸ்டியரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வருடம் ஆகிவிட்டது. அப்பாவை நினைக்கிறபோது இன்னும் அந்த நட்டுத்தான் முதலில் வருகிறது, இரண்டு விரலோடு கழன்று வந்த மாதிரி. துக்கம் ஆறவில்லை. ஆனால் இப்போது அது கூடுகிற நாளில், கையில் சாவியை எடுக்க முதல், பக்கத்தில் நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இண்டைக்கு எனக்கு ஏலாது, நான் சீட்டைத் தைக்கிறன் என்று.