பல்லி சொன்ன பொய்

சுவரில் பல்லி கத்தியது. என் விரல் தானாக மேசையைத் தட்டியது. கரமனை வீட்டில் அத்தையிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஒருவர் பேசும்போது பல்லி கத்தினால் அந்தப் பேச்சு பலித்தே தீரும் என்பாள் அத்தை; 'அப்படியே ஆகட்டும்' என்று விரலால் தட்டுவாள்.

"பலிக்காததையெல்லாம் நீ மறந்துடறாய், அக்கா" என்பார் அப்பா. அவள் காதில் வாங்கமாட்டாள்.

ஏழு வயதில் எனக்கு டைபாய்டு கண்டது. "இவ தேறமாட்டா போலிருக்கே" என்று அத்தை வாய்தவறிச் சொன்ன கணத்தில் உத்தரத்தில் பல்லி கத்தியது. அன்று அவள் விரல் தட்டவில்லை. மூன்று வாரம் யாரோடும் சரியாகப் பேசவுமில்லை.

காய்ச்சல் விட்டு, நான் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டேன். அத்தை உத்தரத்தைப் பார்த்தபடி அப்பாவிடம் கூவினாள்: "கேட்டியோடா, அந்தச் சனியன் சொன்னது பச்சைப் பொய்!"

வாதத்தில் ஜெயித்த அப்பா அழுதுகொண்டிருந்தார்.

எழுபது வருஷமாக அந்தப் பல்லியைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறேன்.