அம்மாவின் மூன்று நாள்

இன்று பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் தன் மகளிடம் சத்தமாகவே சொன்னாள். "மாதவிலக்கு நின்னதுல இருந்து உடம்பு எரியுதும்மா. ஜன்னலத் திற." மகள் திறந்துவிட்டுத் துப்பட்டாவால் விசிறினாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

எழுபதுகளில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் விலக்கான பெண்கள் தறியைத் தொடக் கூடாது. மாதம் மூன்று நாள் அம்மா பின்கட்டில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். எனக்குப் பதினான்கு வயது. கொடியில் அவள் விலக்குத் துணி எதுவும் இல்லாததைப் பார்த்துக் கேட்டேன்.

"நின்னு ஆறு மாசம் ஆவுதுடி. உடம்பு நெருப்பா எரியுது, தூக்கமே இல்ல. இந்த மூணு நாள்தான் யாரும் தறிக்குக் கூப்பிட மாட்டாங்க. வெளிய சொல்லிடாத."

அத்தையிடம் உளறிவிட்டேன்.

"இத்தினி மாசமா ஏமாத்திக்கினா இருந்தே?" என்று அத்தை போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

அடுத்த மாதம் முதல் அம்மாவுக்கு அந்த மூன்று நாளும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நெய்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நின்றுபோனதை அத்தையிடம் சொன்ன எனக்கு, அம்மாவின் உடம்பு எரிவதைச் சொல்லத் தோன்றவே இல்லை.

எனக்கு நின்று உடம்பு எரிந்தபோது, ஏன் வியர்க்கிறது என்று கேட்ட என் மகளிடம் நானும் மறைத்து "வெயில்" என்றுதான் சொன்னேன். மார்கழி மாதம் அது. நீங்கள் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்?