பனிக்காலத்து வேகம்

நாற்பது வயது முடிந்த வருடம்தான் சரிதாவுக்கு முதல் தடவையாகப் பரிசு இல்லாமல் போனது. ஊட்டியில் வருடாவருடம் மே மாதம் நடக்கும் மலை ஓட்டத்தில், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கான பிரிவில் அவள் இரண்டு முறை முதலாவதாக வந்தவள். பிறகு இரண்டாமிடம், பிறகு மூன்றாமிடம். அந்த வருடம் மேடைக்குக் கூப்பிட்டவர்களின் பெயர்களில் அவள் பெயர் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் முழங்காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். வருத்தத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது.

ஊட்டி பக்கம் இத்தலாருக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவள் கொழுந்து எடுக்கும் தொழிலாளி. அப்பா அழகையாவும் அம்மா பொன்னாயியும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சரிதா இங்கேயே, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்தாள். பள்ளியில் படிக்கும்போது நீண்ட தூர ஓட்டத்தில் மாநிலப் போட்டிவரை போனாள். பத்தாவதோடு படிப்பு நின்றது, அதோடு ஓட்டமும் நின்றது. ஊட்டி பக்கத்துக் காய்கறியை மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டி டிரைவர் பாண்டியனைக் கட்டிக்கொண்டாள். ஒரு மகள் பிறந்தாள்.

அவள் மறுபடி ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு பஸ். மகள் பள்ளியில் சாயங்கால வகுப்பு முடித்து வரும் நேரத்துக்கு இருந்த பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாலையில் இருட்டினால் காட்டெருமை நிற்கும். மகள் தனியாக நடந்து வரக் கூடாதே என்று, வேலை முடிந்ததும் சரிதா பள்ளிக்கு ஓடினாள். போகும்போது ஓட்டம், வரும்போது மகளோடு நடை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஓடும் பெண்ணைப் பார்த்த விளையாட்டு ஆசிரியை ஒருவர்தான் மலை ஓட்டத்துக்கு அவள் பெயரைக் கொடுத்தார். மகள் வளர்ந்து கோயமுத்தூரில் நர்ஸ் வேலைக்குப் போன பிறகும் ஓட்டம் மட்டும் நின்றுவிடவில்லை.

பரிசு கிடைக்காத அந்த வருடம் டிசம்பரில் அஜய் என்றொரு பையன் லைன் வீட்டைத் தேடி வந்தான். கோயமுத்தூர்க்காரன். கல்லூரி நாட்களில் தடை தாண்டும் ஓட்டப் போட்டிகளில் ஓடியவன். தொடையில் சதை கிழிந்து விளையாட்டை விட்டுவிட்டு, ஓட்டக்காரர்களுக்குக் கருவி செய்யும் ஒரு புதுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மணிக்கட்டில் கட்ட ஒரு கடிகாரமும் முழங்காலுக்குக் கீழே கட்ட ஒரு ஜோடி கறுப்புப் பட்டையும் கொண்டுவந்தான். பட்டை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்குமாம். அந்த அதிர்வு சதையைத் தட்டி எழுப்பி, களைப்பு வருவதைத் தள்ளிப் போடுமாம். உடம்பு எப்படி இருக்கிறது, இன்று ஓடலாமா ஓய்வெடுக்கலாமா என்பதைக் கடிகாரம் சொல்லுமாம். காசு எதுவும் வேண்டாம், மே மாத ஓட்டம்வரை கட்டிப் பார்த்தால் பழைய வேகம் திரும்பிவிடும் என்றான்.

சரிதா பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலுக்குள்ள இருக்குற களைப்ப வெளிய கட்டுன பட்டை எப்படிங்க தம்பி எடுக்கும்?" என்று கேட்டாள்.

அஜய் போனில் படங்களைக் காட்டி விளக்கினான். அவளுக்குப் பாதி புரிந்தது, புரிந்த பாதியிலும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அன்று காலைதான் படி இறங்கும்போது முழங்கால் மடங்கி விழப் பார்த்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. சரி என்றாள். மறுநாள் வேலை முடிந்து வந்தவளை, எஸ்டேட் கேட்டிலிருந்து இத்தலார் பஸ் நிறுத்தம்வரை ஓடவிட்டு அஜய் நேரத்தை அளந்துகொண்டான். திரும்ப வந்து அளப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கடிகாரத்தோடு வாழ்வது இன்னொரு வேலையாக இருந்தது. எஸ்டேட்டில் இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. கத்தரியால் வெட்டிப் பையில் தள்ளுவார்கள். கத்தரி வெட்டும் ஒவ்வொரு வெட்டையும் கடிகாரம் ஓர் அடி என்று எண்ணியது. ஒரே செடி முன்னால் நின்றுகொண்டிருந்தவளை, நீண்ட தூரம் ஓடிவிட்டாய் என்று மணிக்கட்டில் அதிர்ந்து பாராட்டியது. பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்த பிலோமி அதைப் பார்த்துச் சிரித்தாள். லைன் வீட்டில் பேச மட்டும் சிக்னல் கிடைக்கும், நெட் கிடைக்காது. கடிகாரம் சேர்த்து வைத்ததைக் கம்பெனிக்கு அனுப்ப, தினமும் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். நாளெல்லாம் மேட்டில் நின்ற காலோடு இன்னொரு மேடு.

காலையில் எழுந்ததும் கடிகாரம் முதலில் ஒரு மதிப்பெண்ணைக் காட்டும். சரியாகத் தூங்கவில்லை, உடம்பு தேறவில்லை, இன்று ஓய்வெடு. பெரும்பாலான நாட்களில் இதுதான். ஓய்வெடு என்று சொன்ன கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே அவள் கொழுந்துக்குப் போனாள். முன்பெல்லாம் உடம்பு வலித்தாலும் எழுந்து முகம் கழுவி வெளியே வந்துவிடுவாள்; நடக்க நடக்க வலி பழகிப்போகும். இப்போது அந்த மதிப்பெண்ணைப் பார்த்த உடனே கை கால் கனத்தது. தெரியாமல் இருந்த களைப்பும் தெரிய ஆரம்பித்தது.

"அதக் கழட்டிப் போடேன்," என்றான் பாண்டியன் ஒரு நாள்.

"வாங்கியாச்சே. அந்தப் பையன்கிட்ட சொல்லியாச்சே," என்றாள்.

ஜனவரியில் உறைபனி விழுந்தது. இரண்டு மூன்று இரவுகளில் பள்ளத்துத் தேயிலை முழுவதும் நெருப்பு வைத்தது போல் கருகிவிட்டது. வெட்டக் கொழுந்து இல்லை. எஸ்டேட்டில் வேலையைக் குறைத்தார்கள். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. கூலியும் அதே அளவுக்குக் குறைந்தது. பாண்டியனுக்கும் லோடு சரியாக இல்லை. வீட்டில் சமையல் சுருங்கியது. செய்ய ஒன்றும் இல்லாத மத்தியானங்களில் சரிதா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கியதே இல்லை. இப்போது நாலு மணிவரை தூங்கினாள். எழுந்து, வெயில் இருக்கும்போதே கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வந்தாள்.

பிப்ரவரி கடைசியில் அஜய் வந்து அதே சாலையில் மறுபடி அளந்தான். அவளே எதிர்பார்க்கவில்லை. மேடு முடியும் இடத்தில் எப்போதும் அடைக்கும் மூச்சு அன்று அடைக்கவில்லை. முழங்கால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தது. அஜய் போனைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தான். நன்றாகவே வேகம் கூடியிருந்தது. பட்டை கட்டிய அவளைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். அந்த வாரம் முழுவதும் சரிதா சந்தோஷமாகத்தான் இருந்தாள். பட்டையைத் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரலில் மழை பெய்தது. காய்ந்து கிடந்த செடியெல்லாம் ஒரே நேரத்தில் துளிர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கொழுந்துப் பையைத் தலையில் ஏற்றி எடை போடும் இடத்துக்கு இறங்கும்போது முழங்கால் பழையபடி கொக்கி போட்டு இழுத்தது. சாயங்காலம் ஓடினால் பாதி மேட்டிலேயே நின்றுவிடுவாள். பட்டை அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

எடை போடக் காத்திருந்த ஒரு நாள் இதைப் பிலோமியிடம் சொன்னாள். பிலோமி அதிகம் யோசிக்கவில்லை. பனி நேரத்தில் நீ மட்டுமா நன்றாக இருந்தாய், எனக்கும் இடுப்பு வலியே இல்லையே, நான் என்ன பட்டையா கட்டினேன் என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கித் தராசில் வைத்தாள். சரிதா அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போகவில்லை. அடுத்த வாரம் அஜய் போன் செய்து, பட்டையைச் சரியாகக் கட்டுகிறீர்களா அக்கா, வேகம் இறங்கியிருக்கிறதே என்று கேட்டான். சரியாகத்தான் கட்டுகிறேன் என்றாள்.

மே மாதம் மலை ஓட்டத்துக்கு முந்தின நாள், ஊட்டியில் ஒரு மண்டபத்தில் ஓட்டக்காரர்களுக்கான கடைகள் போட்டிருந்தார்கள். கம்பெனியின் கடை வாசலில் ஆள் உயரத்துக்குச் சரிதாவின் படம் நின்றது. பக்கத்தில் அவள் வேகம் ஏறுவதைக் காட்டும் ஒரு கோடு, கீழே 'கொழுந்து பறிக்கும் கால்களுக்குப் புதிய வேகம்' என்ற வாசகம். அந்தக் கோடு பிப்ரவரியோடு நின்றிருந்தது. அவளை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். நிகழ்ச்சி நடத்திய பெண், இந்த மாற்றம் எப்படி வந்தது, சொல்லுங்கள் என்றாள்.

சரிதாவுக்கு மேடை பழக்கமில்லை. அஜய் ஒரு ஓரத்தில் நின்று தலையாட்டி உற்சாகப்படுத்தினான்.

"அந்த நேரம் பனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிப் போச்சுங்க," என்றாள். "வேலை இல்ல. பகல்லயும் தூங்குனேன். காலுக்கு ஓய்வு கெடச்சுது. பட்டையால வந்ததா, தூக்கத்தால வந்ததான்னு எனக்குச் சொல்லத் தெரியலீங்க. வேலை ஆரம்பிச்சதும் வேகம் போயிருச்சு."

கூட்டம் சிரித்தது. கைதட்டவும் செய்தது. எவ்வளவு எளிமையான மனசு பாருங்கள் என்று சொல்லி, அந்தப் பெண் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்தவரை அழைத்தாள். சரிதா இறங்கி வந்தாள். சொன்னதைக் கேட்டு யாராவது கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அஜய் அவளை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனான்.

"நீங்க மேடையில சொன்னத நானும் முன்னாடியே கம்பெனிக்கு எழுதி அனுப்புனேங்க்கா," என்றான். "பனி விழுந்தது, வேலை இல்லாதது எல்லாமே. அது தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க."

"உங்க வேலைக்கு எதும் ஆகிருமா தம்பி?"

"தெரியலீங்க்கா. நானே வேற எடம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மறுநாள் ஓட்டத்தில் அவள் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் ஓடினாள், வாக்குக் கொடுத்துவிட்டாளே. பாதி வழியில் மழை பிடித்தது. நனைந்த பட்டை நழுவிக் கணுக்காலில் வந்து உட்கார்ந்து அறுத்தது. ஓரமாக நின்று இரண்டையும் அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடியவர்களின் வரிசையில் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் வந்து முடித்தாள். அவளைத் தாண்டிப் போன பெண்களில் பலர் கையிலும் ஏதோ ஒரு கடிகாரம் மின்னியது. பின்னால் வந்தவர்கள் கையிலும்தான்.

கடிகாரத்தையும் பட்டையையும் ஒரு பையில் போட்டு அஜயிடம் கொடுத்தாள். அவன் மறுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். கம்பெனி அதன் பிறகு அவளைத் தேடவில்லை. படம் மட்டும் ஊட்டியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பல மாதங்கள் இருந்ததாக யாரோ சொன்னார்கள். அவள் போய்ப் பார்க்கவில்லை.

ஓடுவதை அவள் விட்டுவிடவில்லை. கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் ஓடாமல் இருந்தாள். குறையும்போது, மனசு கேட்டால் ஓடினாள். அடுத்த வருட மலை ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. மகள் போனில் ஏன் என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டியன் மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு வந்தபோது வெயில் வாசல்வரை வந்திருந்தது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. சரிதா சுவர் பக்கம் திரும்பி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல், அவனும் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டான்.